நெட்வொர்க் பூட் நின்றுபோனால், எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரம் சேலத்தில் கம்ப்யூட்டர் லேப் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. நாற்பது, அறுபது மெஷினுக்குப் புதிதாக லினக்ஸ் ஏற்ற வேண்டும். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனால் விடிந்துவிடும். அதனால்தான் பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழியாகவே மெஷினை எழுப்பி ஓஎஸ் ஏற்றும் முறை: ஒரு சர்வர், ஒரு ஸ்விட்ச், இன்ஸ்டாலர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பதில் கோப்பு. ஓடினால் சுகம். நின்றுபோனால் போனில் வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, இன்ஸ்டால் ஆகலைங்க. கறுப்பா நிக்குதுங்க."

கறுப்பாக நிற்பதில் பத்து வகை இருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. திரையில் கடைசியாக இருக்கும் வரி என்ன? அந்த மெஷினின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) சர்வர் லாகில் (நடந்ததைப் பதியும் கோப்பில்) கடைசியாக எதைக் கேட்டிருக்கிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். பலர் நேராகப் பதில் கோப்பைத் திறந்து வரி வரியாக அலசத் தொடங்கிவிடுகிறார்கள். மெஷின் அந்தக் கோப்பைக் கேட்கவே இல்லை என்றால் அதில் என்ன எழுதியிருந்தால் என்ன?

நடப்பது இதுதான். நெட்வொர்க் கார்டில் உள்ள ரோம் (அதில் பதிந்த சின்ன நிரல்), டிஹெச்சிபி (முகவரி வழங்கும் சேவை) மூலம் ஐபி முகவரி கேட்கிறது. முகவரியோடு சர்வர் எது, பூட் கோப்பு எது என்ற தகவலும் வருகிறது. அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக இழுக்கிறது. அந்தக் கோப்புதான் பூட்லோடர். அது எழுந்து கர்னலையும் (லினக்ஸின் மையம்) இனிட்ஆர்டியையும் (தொடக்கத்துக்கு வேண்டிய கோப்புகளின் மூட்டை) இழுக்கிறது. கர்னல் எழுந்ததும் மறுபடி முகவரி கேட்கிறது. அப்புறம்தான் ஹெச்டிடிபி வழியாகப் பதில் கோப்பு, பிறகு பேக்கேஜ்கள், ரீபூட். ஒவ்வொரு படியும் சர்வரில் தடம் விட்டுப் போகும். டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலைப் பயன்படுத்தினால் டிஹெச்சிபி லாகை விரிவாக எழுதும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். அந்த லாகுக்கு ஒரு ஜன்னல், வெப் சர்வரின் லாகுக்கு ஒன்று, நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட ஒன்று. இந்த மூன்றும் கண்ணெதிரே இல்லாமல் நான் எந்த மெஷினையும் ஆன் செய்வதில்லை. கீழே தலைப்புகளில் அடைப்புக்குள் இருப்பவை திரையில் வரும் பிஎக்ஸ்இ பிழை எண்கள். யூஇஎஃப்ஐ என்பது பயாஸுக்குப் பின் வந்த புதிய பூட் முறை.

"செக் கேபிள்" என்கிறது (இ61)

இதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. கேபிள், ஸ்விட்ச் போர்ட், சுவரில் உள்ள சாக்கெட், இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள்.

ஏற்காட்டு லேப்களில் மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்பேன். மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள் வந்து போகும் ஊர் அது. மலிவான ஆர்ஜே45 தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுத் தகட்டில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருக்கும். லிங்க் விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். துடைத்துச் செருகினால் கொஞ்ச நாள் ஓடும். தலையை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்வதுதான் வேலை. கிரிம்பிங் டூலை அடிவாரத்தில் மறந்துவிட்டுப் போனால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரியே வரவில்லை (இ51, யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் இ16)

சர்வரில் டிசிபிடம்ப்பை 67, 68 போர்ட்டுகளுக்கு ஓட விட்டு, மெஷினை ஆன் செய்யுங்கள். முகவரி கேட்கும் "டிஸ்கவர்" செய்தி சர்வருக்கு வருகிறதா?

வருகிறது, ஆனால் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் தப்பு சர்வரில். டிஹெச்சிபி சேவை ஓடவில்லை, அல்லது இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கும் சர்வரில் அது வேறு கார்டில் காது வைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது கொடுக்க முகவரி மிச்சமில்லை. கடைசியாகச் சொன்னது அதிகம் ஏமாற்றும். ரோம் ஒரு தடவை, இன்ஸ்டாலர் ஒரு தடவை, புதிய ஓஎஸ் ஒரு தடவை என்று ஒரே மெஷின் மூன்று தடவை முகவரி கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் தன்னை வேறு அடையாளத்தோடு அறிமுகப்படுத்திக்கொண்டால் சர்வர் மூன்று முகவரி கொடுத்துவிடும். நாற்பது மெஷினுக்கு ஐம்பது முகவரி போதும் என்று கணக்குப் போட்டால், பாதி லேப் முடிந்ததும் மீதிப் பாதி முகவரி இல்லாமல் நிற்கும். முகவரி எண்ணிக்கையை மெஷின் எண்ணிக்கைக்கு மூன்று மடங்காக வையுங்கள், லீஸ் நேரத்தை (ஒரு முகவரியைக் கொடுத்து வைக்கும் காலம்) ஒரு மணி நேரமாகக் குறையுங்கள்.

டிஸ்கவர் சர்வருக்கு வரவே இல்லை என்றால் நடுவில் உள்ள ஸ்விட்சைப் பாருங்கள். லேப் ஒரு விலானிலும் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) சர்வர் இன்னொன்றிலும் இருந்தால், ஒலிபரப்புச் செய்தி ரவுட்டரைத் தாண்டாது. அதை மறுபக்கம் எடுத்துக்கொடுக்கும் ரிலே அமைக்க வேண்டும். எல்லாம் ஒரே விலான், கேபிளும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் ஸ்விட்சுகளில் சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயைச் சந்தேகப்படுங்கள். பழைய வகை ஸ்பானிங் ட்ரீ ஓடும் ஸ்விட்சில், ஒரு போர்ட்டில் லிங்க் வந்ததும் 15 வினாடி கவனிக்கும், 15 வினாடி கற்றுக்கொள்ளும். அந்த 30 வினாடியும் மெஷின் அனுப்புவது எதுவும் உள்ளே போகாது. பழைய பிஎக்ஸ்இ ரோம் 4, 8, 16, 32 வினாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். பொறுமை குறைந்த மெஷின்கள் அதற்குள் கையை விரித்துவிடும். இன்னொரு கூத்தும் உண்டு: ரோம் கட்டம் தாண்டிப் போய், கர்னல் எழும்போது லிங்க் ஒரு தடவை விழுந்து எழும். 30 வினாடி மறுபடி முதலிலிருந்து. இன்ஸ்டாலர் "நெட்வொர்க் இல்லை" என்று சொல்லும். "இப்பத்தானே சார் நெட்வொர்க்லதான் பூட் ஆச்சு" என்று லேப் உதவியாளர் குழம்புவார். அவர் சொல்வதும் சரிதான்.

ஸ்விட்சின் பாஸ்வேர்ட் கையில் இல்லாதபோது இதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. அமைப்பு எதுவும் இல்லாத ஐந்து போர்ட் குட்டி ஸ்விட்ச் ஒன்றைச் சுவர் சாக்கெட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் செருகி, ஒரு நிமிடம் விட்டு மெஷினை ஆன் செய்யுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் பெரிய ஸ்விட்சின் பக்கம் லிங்க் விழாது. இப்போது ஓடினால் குற்றவாளி ஸ்பானிங் ட்ரீதான். நிரந்தரத் தீர்வு, கம்ப்யூட்டர் செருகும் போர்ட்டுகளில் மட்டும், காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போடுவது. ஸ்பானிங் ட்ரீயையே மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். யாராவது ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகும் நாள் வந்தே தீரும்.

முகவரி வருகிறது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை (இ53)

என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு தடவை, லேபில் இரண்டாவதாக ஒரு டிஹெச்சிபி இருக்கிறது என்று அர்த்தம். பிராட்பேண்ட் ரவுட்டர் ஒன்று மூலையில் இருக்கும். அல்லது ஆசிரியர் யாரோ வைஃபை வேண்டும் என்று வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து லேன் பக்கத்தில் செருகியிருப்பார். அது முந்திக்கொண்டு முகவரி கொடுக்கும், பூட் கோப்பு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சில மெஷினில் ஓடும், சிலதில் ஓடாது. ரீஸ்டார்ட் செய்தால் நின்றது ஓடும், ஓடியது நிற்கும். இந்த "சில நேரம்" என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு இரண்டாவது ரவுட்டர்தான் நினைவுக்கு வரும்.

திரையில் வந்த முகவரி உங்கள் வரிசையில் உள்ளதா என்று பாருங்கள். உங்கள் சர்வர் 10.0.0 வரிசையில் கொடுக்க, திரையில் 192.168.1 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. டிசிபிடம்ப்பில் "ஆஃபர்" அனுப்பியவரின் மேக் முகவரி தெரியும். ஸ்விட்சின் மேக் பட்டியலில் அது எந்தப் போர்ட் என்று பார்த்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ரவுட்டர் அகப்படும்.

அதைக் கழற்ற நிர்வாகம் விடாது என்றால் சண்டை போட வேண்டியதில்லை. டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டலாம். முகவரியை ரவுட்டரே கொடுக்கட்டும், பூட் தகவலை மட்டும் நம் சர்வர் கொடுக்கும். இந்த முறையில் 4011 போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது டிஹெச்சிபி இல்லை, சர்வர் ஒன்றுதான் என்றால், 66, 67 ஆப்ஷன்களை (சர்வர் பெயர், பூட் கோப்பின் பெயர்) உண்மையில் அது அனுப்புகிறதா என்று லாகில் பாருங்கள்.

டிஎஃப்டிபி காலாவதி (இ32), கோப்பு இல்லை (டி01, இ3பி)

கோப்பு இல்லை என்றால் அநேகமாகப் பாதைதான் தப்பு. டிஎஃப்டிபி சர்வர் தன் வேர் அடைவைத் தாண்டிப் பார்க்காது. அந்த அடைவிலிருந்து தொடங்கும் பாதையைத்தான் டிஹெச்சிபியில் எழுத வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. கோப்பு இருந்தும் எல்லோரும் படிக்கும் அனுமதி இல்லாமல் இருக்கலாம். செலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஓடும் சர்வர் என்றால் அதன் லேபிளையும் சரிபாருங்கள்.

காலாவதி என்றால் ஃபயர்வால். யூடிபி 69ஐத் திறந்துவிட்டேனே என்பார்கள். கேள்வி 69க்கு வரும். பதிலும் அதற்குப் பிறகு நடக்கும் எல்லாப் பரிமாற்றமும் வேறு ஒரு பெரிய எண் போர்ட்டிலிருந்து போகும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் டிஎஃப்டிபியைப் புரிந்துகொள்ளும் உதவி மாட்யூல் அதற்கு வேண்டும். சந்தேகமிருந்தால் உங்கள் லேப்டாப்பை மெஷினின் கேபிளிலேயே செருகி, டிஎஃப்டிபி கிளையண்ட் மூலம் அதே கோப்பை இழுத்துப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோப்பு இறங்குகிறது, உடனே பூட் மெனுவுக்குத் திரும்பிவிடுகிறது

"என்பிபி ஃபைல் டவுன்லோடட் சக்சஸ்ஃபுல்லி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மறுகணமே பழைய இடத்தில் நிற்கும். என்பிபி என்றால் பூட் கோப்புதான். இறங்கிய கோப்பு அந்த மெஷினுக்கு உரியதல்ல. பயாஸ் மெஷினுக்கான பிஎக்ஸ்இலினக்ஸ் பூட்லோடர் கோப்பை யூஇஎஃப்ஐ மெஷின் ஓட்டாது. பழையதும் புதியதும் கலந்த லேப் என்றால் ஒரே கோப்புப் பெயரை எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. மெஷின் கேட்கும்போதே 93ஆம் ஆப்ஷனில் தன் வகையைச் சொல்லிவிடுகிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள்.

வகை சரியாக இருந்தும் திரும்புகிறது, "செக்யூரிட்டி வயலேஷன்" என்கிறது என்றால், கையொப்பமில்லாத கோப்பை ஓட்ட மறுக்கும் செக்யூர் பூட்தான் காரணம். முதலில் ஷிம் என்ற சின்ன முன்னோடி நிரல், பிறகு கையொப்பமிட்ட கிரப் பூட்லோடர் என்று போக வேண்டும். ஷிம் தனக்குப் பக்கத்திலேயே, தனக்குத் தெரிந்த பெயரில்தான் கிரப்பைத் தேடும். நீங்கள் அழகாக வேறு பெயர் வைத்திருந்தால் கண்டுகொள்ளாது.

கிரப்பின் வெறும் கட்டளைத் தூண்டி மட்டும் வந்து நின்றால், கிரப் எழுந்துவிட்டது, அதன் அமைப்புக் கோப்பு கிடைக்கவில்லை. அங்கேயே "செட்" என்று அடித்தால் ப்ரிஃபிக்ஸ் என்ற வரியில் அது எந்த அடைவில் தேடுகிறது என்று தெரியும். கோப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

கர்னல் இறங்க யுகம் ஆகிறது

டிஎஃப்டிபி ஒரு துண்டு அனுப்பி, "வந்தது" என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். வழக்கமான துண்டு 512 பைட். 70 எம்பி இனிட்ஆர்டி என்றால் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட போக்குவரத்து. துண்டின் அளவை 1468 ஆக்கினால் ஐம்பதாயிரத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் போனால் 1500 பைட் பாக்கெட்டில் அடங்காமல் உடையும். அதைவிட நல்லது, டிஎஃப்டிபியில் ஹெச்டிடிபியும் தெரிந்த ஐபிஎக்ஸ்இ பூட்லோடரை மட்டும் இறக்கிவிட்டு மீதியை ஹெச்டிடிபியில் இழுப்பது.

அதுவும் மெதுவாக இருந்தால் சர்வரின் லிங்க் வேகத்தை ஈத்டூல் கட்டளை மூலம் பாருங்கள். 1000 (எம்பிபிஎஸ்) என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், கேபிளில் எட்டுக் கம்பியும் உருப்படியாக இல்லை. நாலு கம்பி போதும் 100க்கு. நாற்பது மெஷின், ஆளுக்கு இரண்டரை ஜிபி என்றால் மொத்தம் 100 ஜிபி. 1000இல் குறைந்தது 13 நிமிடம், 100இல் இரண்டேகால் மணி நேரம். எப்படியிருந்தாலும் நாற்பதையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யாதீர்கள். பத்துப் பத்தாக விடுங்கள். நடுவில் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வரலாம்.

உபுண்டு: "லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் கிடைக்கவில்லை"

உபுண்டு சர்வர் 20.04லிருந்து வந்த புதிய இன்ஸ்டாலர், நெட்வொர்க் வழியாக வரும்போது முழு ஐஎஸ்ஓவையும் (இன்ஸ்டால் டிஸ்க்கின் பிம்பக் கோப்பு) ரேமுக்குள் இறக்குகிறது. ஐஎஸ்ஓவே 2 ஜிபிக்கு மேல். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினில் இறங்கும் வழியிலேயே இடம் தீர்ந்துவிடும். செய்தியோ "மீடியம் இல்லை" என்றுதான் வரும், ரேம் போதவில்லை என்று வராது. வெப் சர்வர் லாகில் ஐஎஸ்ஓவுக்கான கோரிக்கை இருக்கும், அனுப்பிய பைட் எண்ணிக்கை மட்டும் முழு அளவைவிடக் குறைவாக இருக்கும். அதைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

8 ஜிபி போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் ஐஎஸ்ஓவை, சர்வரில் இருக்கும்படியே கோப்பைப் படிக்க விடும் என்எஃப்எஸ் வழியாகக் கொடுங்கள், ரேமுக்குள் முழுதாக இறங்காது. பழைய மெஷின் லேபுக்கு டெபியன் நெட்பூட் (நெட்வொர்க் பூட்டுக்கான சின்ன இன்ஸ்டாலர்) தான் என் சிபாரிசு. அதற்கு இந்த வயிறு கிடையாது.

தானாக ஓடாமல் கேள்வி கேட்கிறது

இங்கேதான் பதில் கோப்பின் முறை வருகிறது. அப்போதும் கோப்பைத் திறப்பதற்கு முன் வெப் லாக்.

லாகில் கோரிக்கையே இல்லை என்றால் கர்னல் வரி தப்பு. இன்ஸ்டாலர் ஓடும் மெஷினில் இன்னொரு கன்சோலுக்குப் போய், ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைப் படியுங்கள். நீங்கள் எழுதியது முழுதாக வந்திருக்கிறதா? உபுண்டுவில் பதில் கோப்பின் முகவரியைச் சொல்லும் "நோகிளவுட்" வரியில் ஓர் அரைப்புள்ளி வரும். கிரப்புக்கு அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது. மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள முகவரி முழுதும் காணாமல் போகும். ரெட்ஹாட் வகையில், 9ஆம் பதிப்பிலிருந்து "கேஎஸ்" என்று மட்டும் எழுதினால் செல்லாது, முன்னால் "இன்ஸ்ட்" என்பதும் புள்ளியும் கட்டாயம். டெபியனில் "ஆட்டோ" விருப்பம் இல்லாவிட்டால் மொழி, நாடு கேள்விகள் நெட்வொர்க் எழுவதற்கு முன்பே வந்துவிடும். அந்த நேரத்தில் பதில் கோப்பு இறங்கியே இருக்காது.

லாகில் 404 (கோப்பு இல்லை) என்றால் பாதை தப்பு. உபுண்டுவில் யூசர்-டேட்டா என்ற பதில் கோப்பு மட்டும் போதாது, மெட்டா-டேட்டா என்ற கோப்பும் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் பரவாயில்லை, இல்லாமல் இருக்கக் கூடாது. முகவரியின் கடைசியில் சாய்கோடு விட்டுப்போனால் பழைய பதிப்புகள் அடைவின் பெயரையும் கோப்பின் பெயரையும் ஒட்டிக் கேட்கும். லாகில் அந்த ஒட்டுப்பெயர் அப்படியே தெரியும்.

200 (கோப்பு கொடுக்கப்பட்டது) என்றால்தான் கோப்பின் உள்ளே போக வேண்டும். உபுண்டு கோப்பின் முதல் வரி "கிளவுட்-கான்ஃபிக்" என்ற அடையாள வரியாக இருக்க வேண்டும், முன்னால் # குறியோடு. உள்தள்ளலில் டேப் கூடாது, இடைவெளி மட்டும். எல்லாம் சரியாக இருந்தும் "தொடரலாமா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், கர்னல் வரியில் "ஆட்டோஇன்ஸ்டால்" என்ற சொல் இல்லை. அது டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன் கேட்கும் கேள்வி, கேட்பது நியாயம்தான்.

பத்து மெஷின் ஓடி, பதினொன்றாவது மட்டும் பார்ட்டிஷன் இடத்தில் கேள்வி கேட்டால் அதன் டிஸ்க்கில் பழைய எல்விஎம் (டிஸ்க்கைப் பிரிக்கும் ஒரு முறை) இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் பதில் கோப்பில் பழைய எல்விஎம்மை நீக்கத் தனி அனுமதி எழுத வேண்டும்.

டெபியன்: "கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை"

நேற்று வரை ஓடியது, இன்று எதையும் தொடவில்லை, நின்றுவிட்டது. பேக்கேஜ்கள் வரும் மிரர் சர்வரில் கர்னல் மாறிவிட்டது. உங்கள் சர்வரில் இருக்கும் நெட்பூட் கோப்புகள் பழைய கர்னல். இரண்டின் பதிப்பும் பொருந்தாது. புதிய நெட்பூட் கோப்புகளை இறக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

சான்றிதழ் செல்லாது, "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை"

மெஷினின் தேதியைப் பாருங்கள். மே மாதம் முழுக்க மெயின் சுவிட்ச் அணைந்து கிடந்த லேபில் போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மொத்த லேபுக்கும் பேட்டரி மாற்றும்வரை சர்வரிலேயே சரியான நேரம் சொல்லும் க்ரோனி சேவையை ஓட்டி, 42ஆம் ஆப்ஷனில் அதை நேர சர்வராக அறிவித்துவிடலாம்.

டிஸ்க் தெரியவில்லை, அல்லது தப்பான டிஸ்க்கில் ஏறிவிட்டது

டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சேட்டா முறை ரெய்டு என்றோ, புதிய இன்டெல் மெஷினில் விஎம்டி என்றோ இருக்கும். ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றுங்கள். அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால் அது எழாமல் போகலாம், முதலில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பதில் கோப்பில் டிஸ்க் பெயரை எஸ்டிஏ (லினக்ஸில் முதல் சேட்டா டிஸ்க்கின் வழக்கமான பெயர்) என்று அடித்து எழுதுவது ஆபத்து. என்விஎம்இ டிஸ்க் உள்ள மெஷினில் அந்தப் பெயரே இருக்காது. யாரோ செருகி மறந்த பென்டிரைவ் அங்கே எஸ்டிஏ ஆகிவிடும். உபுண்டுவில் பெரிய டிஸ்க், எஸ்எஸ்டி என்று தன்மையைச் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம்.

முடிந்தது, ரீபூட் ஆனது, மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது

பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கிறது, சர்வரும் கேட்டவுடன் இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. இன்ஸ்டால் அன்று இது வெறும் எரிச்சல். சர்வரை அப்படியே விட்டுவிட்டு வந்தால் இரண்டு மாதம் கழித்து ஒரு மின்வெட்டு போதும். மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி வைத்த மெஷின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து, நெட்வொர்க்கில் கேட்டு, மாணவர்களின் ப்ராஜெக்ட்டோடு டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக ஏற்றிக்கொள்ளும்.

அதனால் சர்வரின் மெனுவில் தானாகத் தேர்வாகும் வரி எப்போதும் "உள்ளே இருக்கும் டிஸ்க்கிலிருந்து எழு" என்றே இருக்கட்டும். பிஎக்ஸ்இலினக்ஸில் அதற்கு லோக்கல்பூட், கிரப்பில் எக்ஸிட். இன்ஸ்டால் செய்ய வேண்டிய மெஷினுக்கு மட்டும் அதன் மேக் முகவரியில் தனிக் கோப்பு வையுங்கள்: முன்னால் 01, நடுவில் முக்காற்புள்ளிக்குப் பதில் சிறுகோடு, எல்லாம் சின்ன எழுத்து. பதில் கோப்பின் கடைசிக் கட்டளை, சர்வரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ஹெச்டிடிபி வழியாகக் கூப்பிட்டு அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லட்டும். இந்த இன்ஸ்டால்களை நிர்வகிக்கும் காப்ளர் நிரலைப் பயன்படுத்தினால் இதே வேலைக்கு "பிஎக்ஸ்இ ஜஸ்ட் ஒன்ஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. லேபை விட்டுக் கிளம்பும் முன் மேக் கோப்புகள் இருக்கும் அடைவைத் திறந்து பாருங்கள். ஏதாவது மிச்சம் இருந்தால் அந்த மெஷின் இன்னும் முடியவில்லை. எது என்று கோப்பின் பெயரே சொல்லும்.